முதல் பாட்டின் பின்பாதி

பிரிட்டனிலிருந்து அவள் துபாய்க்கு வந்தபோது அவளை யாருக்கும் தெரியாது. மூன்று மாத ஒப்பந்தத்தில் ஒரு ஹோட்டலில் ராக் பாட வந்தவள். அந்த ஹோட்டல் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தவன் நான். யாழ்ப்பாணத்துத் தேவாலயத்தில் பழகிய கை. வார நாட்களில் தேரா பகுதியில் கார்கோ அலுவலக வேலை. வெள்ளிக்கிழமை மதியங்களில் ஹோட்டலில் வாசிப்பு.

முதல் வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது பாட்டில் அவள் குரல் உடைந்தது. மேலாளர் எல்லோர் முன்னிலையிலும், "மெதுவாகப் பாடு, கத்தாதே" என்றார். சமையலறைக்குப் போகும் வழியில் நின்று அழுதாள்.

"நீ கத்தவில்லை. தாளத்துக்கு முன்னால் ஓடுகிறாய். என் பேஸைக் கேட்டுப் பாடு" என்றேன்.

அடுத்த வாரம் அப்படியே பாடினாள். சிலர் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

பிறகு, சத்வா பகுதியில் நானும் மனைவியும் கைக்குழந்தையோடு இருந்த ஒற்றை அறைக்கு வரத் தொடங்கினாள். பாதியில் நின்ற சொந்தப் பாட்டு ஒன்று அவளிடம் இருந்தது. நான்கு வரி பாடுவாள். "இதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது" என்பாள். இரண்டு வாரம் மனசுக்குள் உருட்டி, பின்பாதி மெட்டை நான் போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நம் இருவரின் பாட்டு" என்றாள்.

லண்டனிலிருந்து இசை நிறுவனத்துக்காரர் ஒருவர் வந்து அவள் பாடுவதைக் கேட்டார். குரல் போதும், குழு வேண்டாம் என்றார். "உன்னைப் பற்றி நான் அவரிடம் பேசுகிறேன்" என்றாள். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியிலும் அதையே சொன்னாள்.

அடுத்த வருடம் டாக்சி ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. ஒரு சுரம்கூட மாறாத என் மெட்டு. போனில் தேடிப் பார்த்தேன்; எழுதி இசையமைத்தவர் என்று அவள் பெயர் மட்டும். வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

"இஞ்சாருங்கோ, ஆரும் வக்கீலிட்டக் கதைச்சுப் பாருங்கோவன்" என்றாள் மனைவி.

"என்னத்தைக் காட்டிக் கதைக்கிறது?"

போன வருடம் அவள் இங்கே பெரிய மேடையில் பாட வந்தாள். ஒலிபெருக்கி பொருத்தும் வேலைக்கு நானே கேட்டுப் போனேன். மாலை ஒத்திகையில் பார்த்தவுடன் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மறந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

பக்கத்தில் நின்ற கிற்றார்காரரிடம், "நான் இங்கே பாடிய காலத்தில் இவர் அந்த ஹோட்டலில் வேலை செய்தார். ரொம்ப உதவியான மனிதர்" என்றாள்.

"அந்தப் பின்பாதி..." என்று தொடங்கினேன்.

"நல்ல நாட்கள், இல்லையா?" என்று சிரித்து, என் தோளைத் தட்டிவிட்டு மேடையேறினாள்.

"யல்லா பாய், ஜல்தி" என்று அவசரப்படுத்தினார் மேற்பார்வையாளர். குனிந்து கேபிளை இழுத்தேன். கச்சேரி தொடங்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில், அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் போனில் அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதின்ர பின்பாதி மெட்டு நான் போட்டது" என்றேன். அவளிடம் அதுவரை சொன்னதில்லை.

"அப்பா, ப்ளீஸ்..." என்று சிரித்தாள்.

மனைவி அவளை ஏச வாயெடுத்தாள். "விடும்" என்றேன்.