பங்காளி நிறுத்தாதே என்ற மாத்திரை

எங்கள் தாத்தா எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் இரண்டு சொத்துகளை விட்டுப்போனார். ஒன்று, குடவாசலுக்குப் பக்கத்தில் நடுவே வரப்பு ஓடும் வயல். இன்னொன்று, தாளம் தப்பித் துடிக்கும் இதயம். வரப்புக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தோம். இதயத்துக்காக இருவரும் ரத்தம் உறையாமலிருக்க ஒரே மாத்திரையை விழுங்கினோம். அவன் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. ஆட்சி மாறினால் தாலுகா ஆபீஸில் எங்களில் யாருக்கு நாற்காலி என்பதும் மாறும்.

எனக்குப் புரை முற்றி, தஞ்சாவூரில் கண் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அது நடவுக்கு முந்தின சமயம். வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்கிச் சேறு பூசுகிற அண்டை வெட்டு அப்போதுதான் நடக்கும். செதுக்குகிற சாக்கில் ஒரு விரற்கடையைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளாத பங்காளி பிறந்ததில்லை என்பது என் கட்சி.

அந்த நேரத்தில்தான் அவன் வாசலுக்கு வந்தான். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே எதிரே நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க, என் மனைவியிடம் பேசினான்.

"அண்ணி, அண்ணன் பாட்டுக்கு அந்த மாத்திரைய நிறுத்திடப் போறாரு. எனக்குக் கண்ணு பண்ணப்ப, டாக்டர கேக்காம நிறுத்தவே கூடாதுன்னாங்க. சொல்லி வைங்க."

போய்விட்டான். எனக்குப் பொறி தட்டியது. முகம் மழிக்கையில் சின்னக் கீறல் பட்டாலே ரத்தம் நிற்காத உடம்பு இது. கண்ணில் கத்தி பட்டால்? குருடனாகிவிட்டால் வரப்பை யார் பார்ப்பது? சதி இவ்வளவு பச்சையாகத் தெரியும்போது நான் ஏமாறுவேனா? மனைவிக்குத் தெரியாமல் மாத்திரையை அன்றே நிறுத்தினேன். தினம் ஒன்றாக முருங்கை மரத்தடிக்குப் போனது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்ததும் டாக்டரம்மா முகம் மாறியது. மாத்திரை சாப்பிடும் ஆளின் ரத்தம் இது இல்லையே என்றார். ஒப்புக்கொண்டேன்.

"கண்ணுல கொஞ்சம் கசிஞ்சா நான் பாத்துக்குவேன். மூளையில ரத்தம் கட்டி அடைச்சா யாரு பாத்துக்கிறது? யாருங்க நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நிறுத்தாதன்னு ஒருத்தன் சொன்னான். அதனாலதான் நிறுத்தினேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள். புரை விழுந்த கண்ணுக்கே அந்தப் பார்வை நன்றாகத் தெரிந்தது.

ஆப்பரேஷன் தள்ளிப்போனது. இதய டாக்டரிடம் கலந்து பேசி, மறுபடி மாத்திரை கொடுத்து, ரத்தம் சரியான அளவுக்கு வந்த பிறகு, மரத்துப்போக ஊசிகூடப் போடாமல், சொட்டு மருந்திலேயே மரக்கவைத்து ஆப்பரேஷனை முடித்தார்கள். அன்று காலையும் மாத்திரை உண்டு. நான் பயந்த ரத்த ஆறு ஓடவில்லை.

கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்பியதும் வண்டியை வயலோரம் நிறுத்தச் சொன்னேன். அண்டை வெட்டு முடிந்திருந்தது. வரப்பு கயிறு பிடித்த மாதிரி நேராக இருந்தது, ஒரு விரற்கடைகூடக் குறையாமல். இவன் எதற்கு அடி போடுகிறான்?

சாயங்காலம் வந்தான். கண்ணில் தண்ணீர் படாமல் அண்ணனைப் பார்த்துக்கொள்ளும்படி அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனான். முகம் கழுவச் சொம்பைத் தூக்கியிருந்தேன். கை நின்றது. சொம்பைக் கீழே வைத்தேன்.

டாக்டரம்மாவும் அதையே சொல்லியிருந்தார், அதனால்தான் என்று மனைவியிடம் சொன்னேன்.