டெஸ்ட் லிங்க்கில் ஒரு புதுப்படம்

நான் அனுப்பிய முதல் கோடிங் பதினோரு நிமிடத்தில் நிராகரிக்கப்பட்டது.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பட்டாபிராமிலிருந்து ரயிலில் போகிற நேரத்தில், வீடியோக்களை இறக்கித் தரும் ஓப்பன் சோர்ஸ் டூல் ஒன்றை நோண்டிக்கொண்டிருப்பேன். யார் வேண்டுமானாலும் அதற்கு எழுதி அனுப்பலாம். ஒவ்வொரு தளத்திலிருந்தும் வீடியோவை எடுக்கத் தனித்தனி கோடிங் வேண்டும்; அதற்குப் பெயர் எக்ஸ்ட்ராக்டர்.

கரையான்சாவடியில் மொபைல் கடை வைத்திருக்கும் நண்பன் பாபு ஒரு தளத்தைக் காட்டினான். "மச்சான், புதுப்படம் அத்தினியும் இதுல கீது. டவுன்லோட்தான் ஆவல. இன்ஜினியருன்னு சொல்லிகினு திரியிறியே, செஞ்சு காட்டு."

இரண்டே நாளில் எழுதிவிட்டேன். கோடிங்கோடு அனுப்ப வேண்டிய படிவத்தில், 'இது திருட்டுத் தளம் அல்ல' என்ற கட்டம் உட்பட எல்லாவற்றிலும் படிக்காமலே டிக் அடித்தேன். சோதித்துப் பார்க்க டெஸ்ட் லிங்க் ஒன்றும் தர வேண்டும். நான் தந்தது, அந்த வெள்ளிக்கிழமைதான் தியேட்டருக்கு வந்த படம்.

டூலைப் பராமரிப்பவர்களில் ஒருவர் நஸ்ரின். பூந்தமல்லிக்காரர், என் வயதுதான். இப்படி அனுப்பினால் அக்கவுன்ட்டை பிளாக் செய்வது அவர்கள் வழக்கம். அவர் அதற்குமுன் என்னை போனில் கூப்பிட்டார். எனக்கோ கோபம்.

"கத்தியால எவனோ குத்துனா, வித்தவன் மேலயா கேஸு?"

"'குத்துறதுக்கு நல்ல கத்தி'ன்னு போர்டு வெச்சு வித்தா அவன் மேலயும்தான் ப்ரோ. உங்க டெஸ்ட் லிங்க்தான் அந்த போர்டு."

"ஒரு ஃபைல்தானே? தூக்கிட்டா போச்சு."

"படக் கம்பெனி நோட்டீஸ் விட்டா மொத்த டூலையும் நெட்லேர்ந்தே தூக்கிடுவாங்க. பாரிவாக்கத்துல எங்க அக்கா டியூஷன் எடுக்குறா. அங்க நெட் நிக்காது. பாட வீடியோ எல்லாம் இதுலதான் எறக்கி வெச்சிக்குறா. அந்தப் பசங்களுக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா?"

டிக் அடித்த அந்தக் கட்டத்தைத் திறந்து அப்போதுதான் படித்தேன். நஸ்ரின் தொடர்ந்தார்.

"எழுதுன விதம் சூப்பரா இருக்கு. பாட வீடியோ சைட் ஒண்ணு டிசைன் மாறி, நம்ம எக்ஸ்ட்ராக்டர் ஒடைஞ்சு கெடக்கு. அத சரி பண்றீங்களா?"

மூன்று வாரம் ஆனது. நான்கு முறை திருப்பி அனுப்பினார். ஐந்தாவது முறை ஏற்றுக்கொண்டார். மறுநாள் ஒரே வரி வந்தது: 'அக்கா வீட்டுல உங்க கோடிங் ஓடுது.'

ரயிலில் நின்றுகொண்டே அதைப் பத்து தடவையாவது படித்திருப்பேன்.

பாபு மட்டும் விடவில்லை. "ஒரு படம் எறக்க வக்கில்ல, நீயெல்லாம் இன்னா இன்ஜினியரு மாமே?"

எறக்க முடியும், எறக்க மாட்டோம் என்றேன். 'மாட்டோம்' என்று சொல்லும் கூட்டத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. நஸ்ரின் அன்று பிளாக் பட்டனைத் தட்டியிருந்தால், அந்தச் சொல்லின் மதிப்பு எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.