நெருப்பில் ஒரு சிட்டிகை

பள்ளிக்கூடமே போகாத என் அம்மாவுக்கு அதை யார் சொன்னது? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை உப்புப் போட்ட கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. நீலமாக எரிந்த தீ பளிச்சென்று மஞ்சளானது. பாடாங் செராய் ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டமும், போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலமும் கண்முன் வந்தன.

அப்போது உப்புப் பஞ்சம். ஒருவன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத் தொழிலாளர் வரிசையான லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தான். உப்பைக் கொடுத்து, பதிலுக்கு அம்மாவின் கல்யாணப் பட்டுச் சேலையைக் கேட்டான்.

“சுத்தமான உப்பு, அக்கா. வாயில போட்டுப் பாருங்க.”

“தோட்டத்து உரமும் வெள்ளையாத்தான் இருக்கு, தம்பி. தின்னுட்டு நான் செத்தா நீயா தூக்குவே? நெசமான உப்புன்னா மஞ்சளா எரியும்.”

கரியடுப்பில் ஒரு சிட்டிகை போட்டாள். கரிமேல் ஆடிய நீலத் தீ நிறம் மாறவில்லை. மூக்கைத் துளைக்கும் நெடிதான் எழுந்தது. அவன் பையோடு நழுவினான். பட்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது.

பிறகு பள்ளியில் படித்தேன். உப்பிலுள்ள சோடியம் அணுவின் எலக்ட்ரான் சூட்டில் ஒரு படி மேலேறி, இறங்கும்போது மஞ்சள் ஒளியை விடுமாம். படிகளின் உயரம் மாறாததால் நிறமும் மாறாதாம். வகுப்பில் நான் மட்டும் தலைநிமிர்ந்து சிரித்தேன். அது என் அம்மா செய்த சோதனை.

இப்போது இந்தக் கதையைக் கேட்ட என் ஆறு வயது மகள், “நானும் போட்டுப் பாக்கறேம்மா” என்று நிற்கிறாள். நெருப்பென்றால் எனக்குப் பயம். தடுத்தால் தப்போ என்றும் தோன்றுகிறது. நீங்களாக இருந்தால் விடுவீர்களா? சொல்லுங்கள்.