பெயரில்லாத படத்துக்கு ஒரு திவசம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்ணொருத்தியின் படத்தை மட்டக்களப்பில் பழைய சாமான் கடையொன்றில் பார்த்தேன். பின்புறம் பெயரில்லை. படம் பதிய நெடுநேரமெடுத்த அந்தக் காலத்தில், பிடித்து முடியும்வரை தலை அசையாமலிருக்க அவளுக்குப் பின்னால் நிறுத்திய இரும்புத் தாங்கியின் கால் சேலையோரம் தெரிந்தது. அவ்வளவு நேரம் அசையாமல் நின்றவளை விட்டுவர மனம் வரவில்லை. வாவிக்கரையில் நான் தனியாக இருக்கும் வீட்டில் மாட்டினேன்.

சுவரில் பழைய படம் என்றால் செத்த சொந்தம்தான். பக்கத்து வீட்டு அக்கா, "உங்கட பூட்டியோ?" என்றார்.

கதையை விளக்கிச் சொல்லப் பஞ்சிப்பட்டு "ஓம்" என்றேன்.

"திவசம் எப்ப?"

வாய்க்கு வந்தபடி ஆவணி அமாவாசை என்றேன்.

அந்த அமாவாசையன்று அக்கா பூமாலையும் வடையுமாக வந்து, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, என்னோடு இருந்து சாப்பிட்டார். நான்கு ஆண்டுகளாக வருகிறார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால், மற்ற மாதங்களைப் போல ஆவணியிலும் என் கதவைத் தட்ட ஆளிருக்காது.