டாக்டர் வீட்டு ஃப்ரூட் சாலட்

தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து வெடித்துப் போன விரல்களில் அன்னாசிச் சாறு பட்டால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எரிச்சலின் சத்தம் தெரியும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்று மூச்சை உள்ளே இழுப்பாள், இழுத்த மூச்சை விடுவதற்குள் அடுத்த துண்டையும் வெட்டிவிடுவாள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த ஆகஸ்ட் விடுமுறை முழுவதும், நமுனுகுல மலைக்குக் கீழே இருந்த எங்கள் தோட்டத்து வரிசை லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருக்க, உள்ளே அம்மா "ஃப்ரூட் சாலட்" செய்யப் பழகிக்கொண்டிருந்தாள்.

விருந்து எதுவும் இல்லை. முந்தின வருஷம் மரம் வெட்டப் போன இடத்தில் அப்பாவின் வலது கால் நசுங்கிவிட்டது. அதன்பிறகு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நிற்க அவரால் முடியவில்லை. அம்மா ஒருத்தி பறிக்கும் கொழுந்தில் நான்கு வயிறும் பள்ளிக்கூடமும் ஓடாது என்று ஆனதும், எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரையும் போல அவளும் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் பெயர் கொடுத்தாள். ஆள் அனுப்புகிற பெண் பதுளையில் இருந்தாள். பதினோரு வருஷம் குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்தவள் என்பதால் எங்கள் தோட்டம் முழுவதற்கும் அவள் "குவைத் அக்கா". நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் கையில் நல்ல வீடு ஒன்று இருந்ததாம். புருஷனும் பெண்சாதியும் டாக்டர்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள், வாரம் ஒரு தரம் ஊருக்குப் பேச விடுவார்கள், கை நீட்ட மாட்டார்கள். அந்த ஊர் வெயிலுக்கு அவர்கள் சோறு அதிகம் சாப்பிடுவதில்லை, புதினா போட்ட குளிர்ந்த பழக்கலவைதான் வேண்டும். அதைப் பதமாகச் செய்யத் தெரிந்தவளைத்தான் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். "ஒரு மாசம் பழகு. அப்பறம் வந்து என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டு" என்று சொல்லி, செய்முறையை ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிட்டாள். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்பதால் அதைச் சத்தமாக வாசிக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. நான் அதைப் பெருமையாகத்தான் செய்தேன், அசடு.

பப்பாளி லயத்துக்குப் பின்னாலேயே இருந்தது. கொய்யா, தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில். பேரிக்காயை அப்பா நொண்டிக்கொண்டே பண்டாரவளைச் சந்தைக்குப் போய், அடிபட்டதென்று ஒதுக்கிப் போட்டதில் பொறுக்கி வருவார். அன்னாசி, தோடம்பழம் என்று ஏதாவது ஒன்றும் கூட வரும். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும், பேரிக்காய் கறுக்காமல் இருக்க வெட்டியதும் தேசிக்காய்ச் சாறு, சீனியை இஞ்சியோடு காய்ச்சி ஆறவைத்த பாகு, கடைசியில் புதினா. புதினாவைக் கத்தி காட்டாமல் கையால் கிள்ளிப் போட வேண்டும் என்று தாளில் இருந்தது, அதற்கு அடியில் கோடும் இருந்தது. எங்களிடம் ஐஸ்பெட்டி ஏது, மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் மூடிபோட்ட குண்டானை இறக்கி, மேலே ஈரச்சாக்கைப் போட்டு, காக்காய் வராமல் என்னைக் காவலுக்கு வைப்பார்கள். பீலியைச் சுற்றிய ஈரத்தில்தான் புதினாவும் மண்டிக் கிடந்தது.

குண்டான் குளிர்ந்ததும் சாப்பிடுவது நாங்கள்தான். அப்படி ஒரு ருசியை அதற்கு முன்னால் நாங்கள் கண்டதில்லை. நான்கு வயதுத் தம்பி கிண்ணத்தை நக்கிவிட்டு, "நாளைக்கும் செய்வியாம்மா?" என்று கேட்பான். பக்கத்துக் காம்பராப் பெண்கள், "என்னடி, தொரை பங்களாவுல வேல கெடச்சிருச்சா?" என்று கேலி செய்வார்கள். அம்மாவும் சிரிப்பாள். நான் எல்லாரையும்விட ஒரு கிண்ணம் அதிகமாகவே தின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கலவை நாளுக்கு நாள் ருசியாகிக்கொண்டு போக, வீட்டில் வேறு காரியங்களும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தன. அம்மா புகைப்படம் எடுத்துக்கொண்டாள். ரத்தம் சோதிக்கப் போய்விட்டு வந்தாள். பாஸ்போர்ட் வந்து, வந்த கையோடு குவைத் அக்காவின் அலமாரிக்குப் போனது. கட்டிலுக்கு அடியில் ஒரு கறுப்புப் பை முளைத்தது. ஒருநாள் அம்மா என்னை அடுப்படியில் உட்கார வைத்து, "ஒல கொதிச்சதும் அரிசியப் போடு, கைய சுட்டுக்காத, வடிக்கிறப்ப தம்பிய பக்கத்துல விடாத" என்று சொல்லிக்கொடுத்தாள். அன்று சாயந்தரம் குண்டானைத் திறந்தபோது என் கிண்ணத்தைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டேன். அம்மா நன்றாகச் செய்யச் செய்ய அம்மா போய்க்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது.

நான் பிடிவாதக்காரி, அழுது காரியம் சாதிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. செய்து காட்டும் சோதனையில் அம்மா தோற்றால் அனுப்ப மாட்டார்கள், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டேன். எங்கள் பாதையோரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் உண்ணிச்செடி கிடக்கிறது. ஆடுகூட அதை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். அந்த இலையைக் கசக்கி ஒருவர் மூக்கில் ஒருவர் தேய்த்து விளையாடியவர்கள் நாங்கள். அதன் இளங்குருத்து, மோந்து பார்க்காதவரை, புதினா மாதிரியே சொரசொரவென்று, ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும். பதுளைக்குப் போகிற அன்று காலையில் அம்மா புதினா கிள்ளி வரச் சொன்னபோது, நான் உள்ளே உண்ணிக் குருத்தும் வெளியே நாலு கொத்துப் புதினாவுமாக வைத்து, ஈரத்துணியில் சுருட்டி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அம்மா வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நீயும் வா பாப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்று என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

குவைத் அக்காவின் வீட்டில் தரை வழவழவென்று இருந்தது, தலைக்கு மேலே விசிறி ஓடியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள், அம்மா மேசைக்கு முன்னால் நின்றாள், நான் கதவோரம். அம்மா வெட்டிய வெட்டை இன்று நினைத்தாலும் எனக்குக் கர்வமாக இருக்கிறது. ஒரு துண்டு பெரிது ஒரு துண்டு சிறிது என்று சொல்ல முடியாது. "கை சுத்தமா இருக்கு தங்கச்சி, டாக்டரம்மாவுக்குப் புடிச்சிரும்" என்றாள் குவைத் அக்கா. பாகை ஊற்றி, ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்து, கடைசியில் அம்மா ஈரத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

அவளுடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கைகள் நின்றன. இப்போது திரும்பி என்னைப் பார்ப்பாள், முதுகில் ஒன்று விழும் என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்தபோது அம்மா இலைகளைக் கிள்ளிப் போட்டுக் கிளறி முடித்திருந்தாள். அவளுக்கு இரண்டு நாளாகத் தடுமன், மூக்கு அடைத்திருந்தது, அதனால்தான் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

குவைத் அக்கா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். மென்றாள். எழுந்து ஓடிப்போய்த் துப்பினாள், வாயைக் கொப்பளித்தாள், திரும்பி வந்து சத்தம் போடாமல் கேட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"இத அங்க வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? வெஷம் வச்சான்னு ஜெயில்ல போட்டுருவாங்க."

"தெரியாம நடந்துருச்சுங்க அக்கா. காலையில இருட்டுல பறிச்சேன்."

தான் பறித்ததாகத்தான் அம்மா சொன்னாள். என் பெயரை எடுக்கவில்லை.

"தெரியாமத்தான? அப்ப நீயே சாப்புடு. வெஷம் இல்லன்னா ஒனக்கென்ன?"

அம்மா நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். இலையை ஒதுக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, முகம் கோணவில்லை, கடைசித் துண்டுவரை மென்று விழுங்கினாள். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது. சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் "வேண்டாம், வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிடுவார்கள், அம்மா எங்களோடு வந்துவிடுவாள் என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குவைத் அக்கா அலமாரியைத் திறந்தாள். "டாக்டர் வீட்டுக்கு நீ சரிப்பட மாட்ட, அதுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். பாலைவனத்துப் பக்கம் ஒரு வீடு இருக்கு. சமையல் வேல இல்ல. ஆடு மாடும், ஒரு கெழவனும் கெழவியும். அதுக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்க வேணாம்." அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்து வேறொரு பாஸ்போர்ட் கட்டுக்குள் மாற்றி வைத்தாள். நான் பிடித்திருந்த கதவை விட்டுவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். "பயப்படாத பாப்பா, பஸ் வாந்திதான்" என்றாள். இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். அவள் மூச்சு வருகிறதா என்று நான் மூக்குக்கு முன்னால் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் எழுந்து கொழுந்துக்குப் போனாள். இலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மாதம் கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு கடிதம் வந்தது. மணலுக்கு நடுவில் ஒற்றைத் தட்டு வீடு, மாடி கிடையாது, கூட்டிப் பெருக்குவது சுலபம், யாரும் கவலைப்பட வேண்டாம் என்று கோணல்மாணலாக எழுத்துக்கூட்டி எழுதியிருந்தாள். அதன்பிறகு எட்டு மாதம் ஒன்றும் இல்லை. அப்பா கிழமைதோறும் பதுளைக்குப் போய்க் குவைத் அக்காவின் கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு வருவார். நான் சோறு வடித்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன், தம்பியைப் பக்கத்தில் விடவில்லை. புதினாப் பக்கம் மட்டும் போகவில்லை. மூன்று வருஷம் கழித்து அம்மா வந்தாள். முன்பல் இரண்டு இல்லை. கேட்டதற்கு, "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றாள். மாடி கிடையாது என்று எழுதியிருந்த அந்தக் கடிதத்தை அப்பா எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு, மடித்து அலமாரியில் வைத்தார்.

அந்த லயம் இப்போது இல்லை. பீலி இருந்த இடத்தில் குழாய் போட்டுவிட்டார்கள், சுற்றி ஈரமும் இல்லை, புதினாவும் இல்லை; உண்ணிச்செடிக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பண்டாரவளையில் குடியிருக்கிறேன், அம்மாவும் என்னோடுதான். பக்கத்துக் கடையில் கோப்பையில் ஐஸ்கிரீம் வைத்து "ஃப்ரூட் சாலட்" விற்கிறார்கள், என் பிள்ளைகள் அதை வாங்கித் தின்கிறார்கள். போன ஆகஸ்ட்டில் சின்னவள், "அம்மாச்சி, நீங்க செஞ்சு குடுங்க" என்று அடம் பிடித்தாள். அம்மா கத்தியை எடுத்தாள். ஒரே அளவுத் துண்டுகள். கடைசியில் புதினாவை எடுத்து ஒவ்வொரு இலையாக மோந்து பார்த்துக் கிள்ளிப் போட்டாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததை அங்கேயே, பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்: அந்த இலையை நான்தான் வைத்தேன் என்று.

அம்மா தலையைத் தூக்கவில்லை. "தெரியும். துணிய அவுத்ததுமே அடைச்ச மூக்குலயும் வாசம் வந்துச்சு" என்றாள். "எனக்கும் போக மனசில்ல பாப்பா. ஒங்க அப்பா கால பாத்துட்டு, போகலன்னு சொல்ல வாய் வரல. புள்ளையே ஒரு வழி பண்ணிருக்குன்னுதான் கிள்ளிப் போட்டேன்."

எனக்கு அழுகைதான் வந்தது. "உக்காரும்மா, நீயும் சாப்புடு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் கிண்ணங்களை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். அந்தப் பாலைவனத்து வீட்டிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் அவள் யார் சாப்பிட்டாலும் அப்படித்தான் நிற்கிறாள். "நீங்க முடிங்க, நான் நிக்கிறேன்" என்றாள்.