மூடியைத் திறக்குமுன் ஜெபித்த மருந்து

பிரியமானவர்களே, இதே இருமலுக்காக உங்கள் முன்பு ஏற்கெனவே ஒருமுறை சாட்சி சொன்னவள் நான். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. அன்று அரைகுறையாகச் சொன்னதை இன்று முழுதாகச் சொல்கிறேன்.

1988 மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு விடாத இருமல். பம்மலில் தோல் பதனிடும் வேலை. அந்த நெடி நெஞ்சில் இறங்கிவிட்டது. மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்காமலே ஒரு பாட்டில் கொடுத்தார்கள். எங்கள் ஜெபக்குழுவின் வழக்கப்படி, மூடியைத் திறக்குமுன் அதை வேதாகமத்தின் மேல் வைத்து ஜெபித்தேன். நான்கே நாளில் இருமல் நின்றது. சபையில் எழுந்து சாட்சியும் சொல்லிவிட்டேன்.

ஆனால் பாட்டில் நிற்கவில்லை. "நெஞ்சுல இன்னும் கீது, இன்னொண்ணு வாங்கினு வா" என்பார். வாரத்துக்கு ஒன்று, பிறகு தினம் ஒன்று. இருமலே இல்லாதவருக்கு இருமல் மருந்து எதற்கு? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடித்தால் சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவார். குடிக்காவிட்டால் மூக்கு ஒழுகும், உடம்பு முறிக்கும், வயிறு போகும். வியாதி திரும்பிவிட்டது என்று நானே ஓடிப்போய் வாங்கி வருவேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஜெபித்தேன். ஆண்டவரே, கொடுத்த சுகத்தை ஏன் திரும்ப எடுக்கிறீர் என்று அழுதேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால், அவர் பாயில் கிடக்கிறார். உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று வந்தது. பக்கத்தில் இரண்டு காலி பாட்டில்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் ஓடி, ஜெபிக்கச் சொன்னேன். அக்கா தாம்பரத்தில் நர்ஸ். முதலில் லேபிளைத்தான் படித்தார்.

"இதுல கோடீன் இருக்கும்மா. அபினி வகை. பழகிட்டா விடாது, அதிகமாப் போனா மூச்சே நின்னுடும். ஜெபத்தை ஆட்டோல பண்ணிக்கலாம், வா."

வழியெல்லாம் அவர் கன்னத்தைத் தட்டி, "மூச்சு வுடுங்க, மூச்சு வுடுங்க" என்றேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை. ஆண்டவர் அதைக் கேட்டார். ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் பிழைத்தார்.

டாக்டர் மேற்பார்வையில்தான் அந்தப் பழக்கத்தை நிறுத்தினோம். இரண்டு முறை சறுக்கினார். இப்போது நான்கு வருஷமாகத் தொடவில்லை. நான் ஜெபித்த அத்தனை பாட்டில்களின் ஆசீர்வாதமும் எங்கே போயிற்று? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒருவேளை பக்கத்து வீட்டில் நர்ஸாகக் குடியிருந்ததோ என்னவோ.

உங்கள் வீட்டில் வியாதி போயும் மருந்து போகவில்லையென்றால், வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். ஆண்டவர் அங்கேயும் இருப்பார், நம்புங்கள். இந்த மழைக்கும் என் வீட்டுக்காரர் இருமுகிறார். வெந்நீர் கொடுத்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.