செவ்வாயில் விட்டுவந்த பவானி

பிரிசில்லா பக்கவாதத்தில் விழுந்த அன்று, பவானி செவ்வாய் கிரகத்தில் ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தாள். வெளியே புழுதிப்புயல். பூமியோடு பேச்சு அறுந்துவிட்டது. சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வந்தது. அந்த இடத்தில் 'தொடரும்' போட்டு அனுப்பிவிட்டு, கடைசி அத்தியாயத்தை லீவு நாளில் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தாள் பிரிசில்லா.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் அறிவியல் டீச்சர். செவ்வாய்க்குப் போகிற கதைகளில் எல்லாம் வேற்றூர்ப் பிள்ளைகளே போய்க்கொண்டிருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. கடலூர் முதுநகரில் மீன்கார வீட்டில் பிறந்த பவானியை ராக்கெட்டில் ஏற்றிவிட்டாள். சிறுவர் மாத இதழ் ஒன்றில் தொடராக வந்தது. பவானி குகைக்குள் போனதும் பிள்ளைகள் வகுப்பிலேயே மறித்துக்கொண்டார்கள்.

"டீச்சர், அவ செத்துடுவாளா?"

"சாவ மாட்டா. எப்படின்னு அடுத்த மாசம் பாருங்க."

அதுதான் அவள் வகுப்பில் பேசிய கடைசிப் பேச்சு. கரும்பலகையின் பக்கம் திரும்பியவள் அப்படியே சரிந்தாள்.

கண் விழித்தபோது வலது கை இல்லாததுபோல் கிடந்தது. கணவர் ஆரோக்கியராஜ் பக்கத்தில் நின்றார். கதையை முடிக்கவேண்டும் என்று அவரிடம் சொல்ல நினைத்தாள். வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.

"செவ்வாய்."

"இல்லம்மா, இன்னிக்கி வியாழன்" என்றாள் நர்ஸ்.

சொல் எல்லாம் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. நாக்குக்கு வருவதற்குள் வேறொன்றாகிவிடும். தண்ணீர் கேட்க நினைத்தால் 'சன்னல்' என்பாள். ஆரோக்கியராஜ் போய் சன்னலைத் திறப்பார். தப்பு என்று அவள் காதுக்கே கேட்கும். இடது கையால் எழுதிப் பார்த்தாள். அங்கேயும் அதே கதி. பேனாவைச் சுவரில் வீசியடித்தாள்.

சிதம்பரத்தில் பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடானது. வாராவாரம் ஆரோக்கியராஜ் அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்வந்தார். மின்வாரியத்தில் லைன்மேன் அவர். மனைவியின் கதையை ஒருநாளும் படித்ததில்லை. இப்போது பழைய இதழ்களை எல்லாம் உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"நான் கேக்குறேன், நீ தலைய மட்டும் ஆட்டு. பூமியிலேருந்து வேற கப்பல் வருதா?"

இல்லை.

"புயல் நின்னுடுதா?"

இல்லை.

"அங்க யாராச்சும் இருக்காங்களா?"

இல்லை, இல்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். விடை நெஞ்சுக்குள் முழுசாக நின்றது. அதை எடுத்து இவர் கையில் கொடுக்க ஒரு வழியும் இல்லை. குகைக்குள் கிடப்பது பவானியா தானா என்று சில நேரம் அவளுக்கே விளங்காமல் போனது.

இதழாசிரியர் திருநாவுக்கரசு ஒரு மாதம் பொறுத்தார். இன்னொரு மாதமும் பொறுத்தார். பிறகு போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், பசங்க போன் மேல போன் போடுறாங்க. வேற ஒருத்தர வெச்சு முடிச்சிடுறேன். மேடம் தப்பா நினைக்க வேணாம்."

இதழ் வந்தது. பூமியிலிருந்து மீட்புக் கப்பல் வந்து பவானியைத் தூக்கிக்கொண்டு போனது. பிரிசில்லா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து அதைப் படித்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. முடித்ததும் சத்தம் போட்டு அழுதாள். அழுகைக்குச் சொல் தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் காயத்ரி ஒரு படத்தைக் காட்டினாள். டம்ளரில் பால்.

"இது என்னங்க மேடம்?"

"உப்பு" என்றாள் பிரிசில்லா.

காயத்ரி திருத்தினாள். மறுபடியும் "உப்பு." அடுத்து பூனைப் படம். அதற்கும் உப்பு. இதுவரை இப்படி ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டதில்லையே என்று காயத்ரிக்குக் கவலை. பிரிசில்லாவோ மேசையை இடது கையால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பரங்கிப்பேட்டை விலக்கு தாண்டும்போது ஆரோக்கியராஜ் மெல்லக் கேட்டார். "உப்பு... பவானி கதையிலயா?"

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"தண்ணிக்கா? காத்துக்கா?"

காற்று என்றதும் தலை ஆடியது. அவர் போனை எடுத்துத் தேடினார். செவ்வாய் மண்ணில் ஒருவகை உப்பு கலந்திருக்கிறது, அதற்குள் ஆக்சிஜன் அடைபட்டுக் கிடக்கிறது, நன்றாகச் சூடேற்றினால் வெளியே வரும் என்று போட்டிருந்தது.

"குகைக்குள்ள அவகூட ஓடாம நின்னுபோன ரோவர் வண்டியில சூடு மட்டும் ஜாஸ்தி இருக்குதுன்னு எழுதுனியே, அது இதுக்குத்தானா?"

பிரிசில்லாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஆமாம், ஆமாம்.

"அப்போ யாரும் வந்து காப்பாத்தல. அவளே மண்ணக் காய்ச்சி மூச்சு விட்டாளா!"

அங்கேயே திருநாவுக்கரசுக்குப் போன் போட்டார். அவர் முழுக்கக் கேட்டார். பிரமாதம் என்றார். ஆனால் கதை முடிந்துவிட்டது, புதுத் தொடர் ஆரம்பித்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

ஆரோக்கியராஜ் போனை மடியில் வைத்துவிட்டு அவளிடம் அப்படியே சொன்னார். மறைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். அவள் பஸ் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பதில் சொல்ல ஒரு சொல் வந்தது. அதுவும் தப்பான சொல் என்று தெரிந்ததால் உதட்டை மூடிக்கொண்டாள்.